கதவுப் படம், நாலாவது ரீல்

ஆடி 9, வெள்ளி

அண்ணே, சௌக்கியமா? சாப்பிட்டாயா? நீ இருக்கும் இடத்திலும் இப்படித்தான் காற்றா? இங்கே திண்டிவனம் பக்கம், நம் ஊரில் விடிந்ததிலிருந்து புழுதி. காயப்போட்ட என் வேட்டி பக்கத்து வீட்டு மாடியில். பதில் வராது, தெரியும். நீ போய் ஐம்பது வருஷம் இருக்கும். ஆனாலும் யாரையாவது கூப்பிட்டு விசாரிக்காமல் எனக்குப் பேச்சு தொடங்காது. எழுத்தும் அப்படித்தான் போல.

செய்ய வேண்டியது: மூக்குக் கண்ணாடிக்கு ஸ்க்ரூ. பிரஷர் மாத்திரை. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், தூக்கு எடுத்துப் போக வேண்டும்.

மூன்றும் நடக்கவில்லை. தூக்கைக் கழுவும்போது வாசலில் ஒரு ஸ்கூட்டி. முப்பது வயதுப் பெண். பெயர் ஷாஹிதா, ஊர் கோட்டக்குப்பம்.

"ஐயா, டூரிங் டாக்கீஸ்ல வெளிநாட்டுப் படத்துக்கு மைக்குல கதை சொன்ன முருகேசன்றது நீங்கதானா?"

"மைக்கு முருகேசன். நான்தான். இன்னா கேஸும்மா?"

சிரித்தாள். செல்போனைத் திருப்பிக் காட்டினாள். வெள்ளை வெளேரென்று உப்பு நிலம். ஒரு மொட்டை ஆள். முதுகில் கதவு.

அண்ணே, அது கதவுப் படம். தூக்கு கையிலிருந்து விழுந்துவிட்டது.

அந்தப் படம் நம் கைக்கு வந்த கதையே தனி. விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வர வேண்டிய படப்பெட்டி வரவில்லை. கொட்டகையில் ஜனம் விசில். மணலை வாரி இறைக்கிறார்கள். பொம்மையார்பாளையத்துக் கடற்கரையில் தங்கியிருந்த வெள்ளைக்காரத் தாடிக்காரன், அதுதான் உன்னிடம் ஓசியில் வெற்றிலை வாங்கிப் போட்டுத் துப்பத் தெரியாமல் சட்டையெல்லாம் சிவப்பாக்கிக்கொண்டவன், அவன் போட்டுப் பார்க்கக் கொடுத்த பெட்டி உன் புரொஜெக்டர் கேபினில் கிடந்தது. நாலு ரீல். நீ மாட்டிவிட்டாய். மாட்டியபின்தான் தெரிந்தது. பேச்சு கிடையாது. கதை கிடையாது. மொட்டை ஆள் கதவைச் சுமந்து நடக்கிறான். இறக்கி வைத்துத் திறக்கிறான். உள்ளே கடல். மறுபடி சுமக்கிறான். திறக்கிறான். பச்சை மூஞ்சிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காகிதம் தின்கிறார்கள். மறுபடி. குளிக்கும் தொட்டியில் ஒரு குதிரை. வானம் ஊதா, மணல் சிவப்பு, நடுநடுவே கலர் குழம்பி ஓடுகிறது. கொட்டகையைப் பிய்த்திருப்பார்கள். நான் மைக்கைப் பிடித்தேன்.

"பார்த்துக்கோங்க, இவன் பேரு மொட்டை மாணிக்கம். மாமியா வூட்ல கோச்சிக்கினு, நான் போட்ட கதவு எனக்குன்னு பேத்து எடுத்துக்கினு வந்துட்டான். இது மரக்காணம் உப்பளம். அந்தப் பச்சை மூஞ்சிங்க அவன் மச்சினிச்சிங்க. பொண்டாட்டிக்கு இவன் போட்ட லெட்டரையெல்லாம் தின்றாளுங்க. தொட்டியில கீறது மாமனாரு. சாபம்."

மூன்று நாள் ஓடியது. மச்சினிச்சிகள் வரும்போது பெண்கள் பக்கத்தில் சிரிப்பு அடங்காது.

ஷாஹிதாவுக்கு இதைச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"எழுபதுகள்ல வந்த இந்த மாதிரிப் படத்துக்குன்னே உலகம் பூரா பைத்தியமா இருக்காங்க ஐயா. கனவு மாதிரி, போதை மாதிரி எடுத்திருப்பாங்க. இத இப்பதான் சுத்தம் பண்ணி வெளிய விட்டிருக்காங்க. நான் மூணு தடவை பார்த்துட்டேன், ஒண்ணும் புரியல."

"புரியாதும்மா. குடும்பச் சண்டை."

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம், பொம்மையார்பாளையத்தில் ஒரு கெஸ்ட்ஹவுஸ் தோட்டத்தில் அதைத் திரையிடுகிறார்களாம். நான் பழையபடி மைக்கில் கதை சொல்ல வேண்டுமாம். நம் ஊரிலிருந்து அந்தக் காலத்தில் பார்த்தவர்களை வேன் வைத்து அழைத்து வருகிறாளாம். எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். அப்புறம் நோட்டீஸ் கொடுத்தாள். சுவரில் போஸ்டர் ஒட்டி ஒட்டி எழுத்துக் கூட்டக் கற்றவன் நான். பெரிய எழுத்திலிருந்துதான் படிப்பேன்.

சிறப்பு விருந்தினர்: கோதண்டம். அன்றைய டூரிங் டாக்கீஸ் நிர்வாகி. நினைவுகளைப் பகிர்கிறார்.

கெஸ்ட்ஹவுஸ் அவன் பேரனுடையதாம்.

இனி அந்தப் பெயரை முழுசாக எழுத மாட்டேன். கோ. போதும்.


ஆடி 10, சனி

காற்று. தூக்கம் இல்லை. மாத்திரை வாங்கியாயிற்று.

ஒரே ஒரு தடவை எழுதிவிடுகிறேன். யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. ஜெயந்திக்கே பாதிதான் தெரியும், நான் பெற்ற மகளுக்கு.

கோ. நிர்வாகி இல்லை. முதலாளியின் மச்சான். வாசலில் டிக்கெட் கிழிப்பவன். நம் பக்கத்தில் எல்லாரும் எதையும் கூரைக் கீற்றில் செருகுவார்கள். சீப்பு, அரிவாள், ரேஷன் கார்டு, பாதி குடித்த பீடி. தரையில் தேய்த்து அணைத்து, காதில் வைக்கப் பிடிக்காவிட்டால் கீற்றில். திரும்பி வரும்போது உருவிக்கொள்வது. கோ. தினம் கேபினுக்குப் பக்கத்துக் கீற்றில்தான் செருகுவான். மூன்றாம் நாள், நாலாவது ரீல் ஓடும்போது சரியாக அணைக்காமல் செருகிவிட்டுப் போனான். நீ பார்த்தாய். ரீலை விட்டு வர முடியாமல், "பீடியை எடுடா" என்று கத்தினாய். ஜெனரேட்டர் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. அல்லது கேட்டது. கொட்டகை எரிந்து போயிற்று.

பீடி செருகுவது பழக்கம். பழக்கத்தை நான் மன்னித்துவிடுவேன். அப்புறம் சொன்னதை மன்னிக்க மாட்டேன்.

"ஆபரேட்டர் குடிச்சிட்டுத் தூங்கிட்டான். மிஷின்ல நெருப்பு வந்துச்சு. என் கண்ணால பார்த்தேன்."

அவன் சொன்னதை ஊர் நம்பியது. உன்னைப் புளிய மரத்தில் கட்டினார்கள். வெற்றிலையைத் தவிர ஒன்றும் வாயில் வைக்காத உன்னை. செருப்பைக் கோத்து மாலை போட்டார்கள். விடிந்ததும் கட்டை அவிழ்த்தது நான். அப்போதுதான் பீடியைச் சொன்னாய். "யாரும் நம்ப மாட்டாங்கடா" என்றாய். முதல் பஸ் ஏறினாய். விழுப்புரம் ஜங்ஷனில் உன்னைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை. ஊரில் இன்றைக்கும் யாராவது குடித்து விழுந்தால், "ஏகாம்பரம் மாதிரி கெடக்கறான் பாரு" என்கிறார்கள். உன்னைப் பார்த்தே இராத பிள்ளைகள் சொல்கிறார்கள் அண்ணே.

கோ. கல்யாண மண்டபம் கட்டினான். கோயில் வளைவில் அவன் பெயர்.

கை வலிக்கிறது. இன்னொன்று பாக்கி. அது என்னைப் பற்றியது. நாளைக்கு.


ஆடி 12, திங்கள்

நேற்று எழுதவில்லை. இன்று மேகம், மழை இல்லை.

திட்டம் கிடைத்துவிட்டது. குளிக்கும்போது.

அந்தப் படத்துக்கு எந்தக் கதை சொன்னாலும் ஒட்டும். மொட்டை எத்தனை தடவை கதவைத் திறக்கிறான்? அன்றைக்கு எண்ணியது, ஒன்பது.
1 முதல் 5 வரை: பழைய கதை. சிரிக்க வைக்க வேண்டும்.
6: உள்ளே ஒரு டென்ட் கொட்டகை.
7: உள்ளே டிக்கெட் கிழிப்பவன். பெயரோடு.
8: கீற்று. பீடி.
9: புளிய மரம்.
அவன் முதல் வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருப்பான். பேரன், பேத்தி, நம் ஊர் ஜனம், வெள்ளைக்காரர்கள், எல்லார் முன்னாலும்.

கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன். அடுப்படியில் ஜெயந்தி போனில்: "அப்பாதான்டி. காலையிலேர்ந்து கதவு தொறக்குது, கதவு தொறக்குதுன்னு பேசிக்கினே கீறாரு. டாக்டர்கிட்ட இட்டுனு போலாமான்னு பார்க்கறேன்."

நாலு மணிக்கு வாசலில் வெள்ளைக் கார். கோ.வைப் பேரன் கைபிடித்து இறக்கினான். எழுபத்தாறு வயது. சந்தனப் பொட்டு. கஞ்சி போட்ட சட்டை.

"இன்னாடா மைக்கு, உசுரோட கீறியா?"

"நீயே கீறப்போ எனக்கின்னா?"

ஜெயந்தி காபி கொடுத்தாள். என் டம்ளரில். பேரனைக் காருக்குப் போகச் சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"கதை சொல்லப் போறியாமே. சொல்லு. நல்லா சிரிக்க வெய்யி. பழைய குப்பைய மட்டும் கெளறாத."

"எந்தக் குப்பைய?"

"தெரியாத மாதிரி பேசிக்கினு இருக்காதடா. உங்க அண்ணன் எதுனா ஒளறிட்டுப் போயிருப்பான். நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பொகை வந்தப்போ மைக்கு யாரு கையில இருந்துச்சு?"

காபியைக் குடித்துவிட்டு டம்ளரை என் பக்கம் நகர்த்தினான்.

"உக்காருங்க, படந்தான்னு சொன்னது யாரு வாயி? அஞ்சலை கை வெந்தது உன் வாயால. நீ ஆரம்பிச்சா நானும் அதே மைக்குல ஆரம்பிப்பேன். ஜோடியா ரெண்டு பேரும் நாறலாம். வர்றட்டா?"

போய்விட்டான். டம்ளரைக் கொல்லையில் எறிந்தேன். "எவர்சில்வர் டம்ளர்ப்பா அது" என்று ஜெயந்தி எடுத்து வந்து கழுவி வைத்துவிட்டாள்.

அவன் சொன்னது பொய் இல்லை. பாக்கி வைத்தேனே, அது இதுதான். நாலாவது ரீலில் மொட்டை கதவைத் திறந்தால் சிவப்புப் புகை வரும். அந்தச் சமயம் பார்த்து வலது பக்கக் கீற்றில் நிஜப் புகை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "அண்ணே, பொகை நாத்தம் அடிக்குதே." நான் மைக்கில் சொன்னேன்: "கதவுலேர்ந்துதாம்மா வருது. மாமியா சமைக்கறா, தீஞ்சிப் போச்சு. உக்காரு உக்காரு." எல்லாரும் சிரித்து உட்கார்ந்தார்கள். கண்ணெரிந்து தும்மும்போதும் சிரித்தார்கள். படம் அப்படிப்பட்ட படம். அதில் எதுவும் நடக்கலாம். கீற்று சரிந்து விழுந்தபிறகுதான் எழுந்து ஓடினார்கள். ஆள் சாகவில்லை. வேர்க்கடலை வறுத்து விற்ற அஞ்சலை, கூடையை எடுக்கத் திரும்பி ஓடினாள். இடது கையும் கழுத்தும் வெந்து போயின.

ஐம்பது வருஷமாக கோ.வைத் திட்டும்போதெல்லாம் என் குரலும் காதில் கேட்கும். உக்காரு உக்காரு.


ஆடி 14, புதன்

வெயில். திருவக்கரைக்குப் போய் வந்தேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. மரமெல்லாம் கல்லாகிக் கிடக்கும் ஊர். ஒரு தடவை உள்ளே போய்த் தொட்டுப் பார்த்திருக்கிறேன். பட்டை அப்படியே இருக்கும், தட்டினால் கல். அதைப் பார்க்கப் போகவில்லை.

அஞ்சலை கோயில் வாசலில் எலுமிச்சை மாலை கட்டுகிறாள். எழுபது இருக்கும். இடது கை விரல் இரண்டு ஒட்டியேதான் இருக்கிறது. ஊசியை வாயில் கடித்துக்கொண்டு வலது கையாலேயே கோக்கிறாள். என்னைக் குரலில்தான் அடையாளம் கண்டாள்.

"மைக்கு அண்ணனா! மொட்டை மாணிக்கம் எப்படி கீறான்? மாமியா வூட்டுக்குத் திரும்பப் போனானா இல்லியா?"

சிரித்தேன். அப்புறம் மைக் விஷயத்தைச் சொன்னேன். நான்தான் உட்கார வைத்தேன், என் வாயால்தான் உன் கை, என்று. கேட்டுக்கொண்டே நாலு எலுமிச்சை கோத்தாள்.

"வுடு அண்ணே. நீ இன்னா பண்ணுவ. பண்ணது நானு."

"நீயா?"

"என் அடுப்புதான. மல்லாட்டை வறுத்த கங்க சரியா அணைக்காம கொட்டாய் ஓரமா வெச்சிட்டேன். கோ. பார்த்துட்டாரு. ஜிப்மர்ல கெடந்தப்போ வந்து காதுல சொன்னாரு. 'உன் அடுப்புதான் புள்ள. ஊருக்குத் தெரிஞ்சா உன்ன உசுரோட வுட மாட்டாங்க. நான் சொல்ல மாட்டேன், நீயும் வாயத் தொறக்காத'ன்னாரு. இன்னி வரைக்கும் சொல்லல, மகராசன். ஆடிக்கு ஆடி புடவை வேற குடுத்து அனுப்பறாரு. இதோ கட்டியிருக்கறது அவரு குடுத்ததுதான்."

பச்சைப் புடவை. மஞ்சள் கரை.

"உங்க அண்ணனத்தான் நெனச்சிக்குவேன். என்னால அடி வாங்கினாரு. அன்னியிலேர்ந்து நானா ஒரு அடுப்பு பத்த வெச்சது இல்ல. மருமவதான் பத்த வெப்பா. தீக்குச்சியக் கையால தொட மாட்டேன்."

ஊருக்கு ஒரு பொய், இவளுக்கு ஒரு பொய். ஊர் வாயை அண்ணனை வைத்து அடைத்தான். இவள் வாயை இவளை வைத்தே அடைத்தான். நன்றியும் வாங்கிக்கொண்டான்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சனிக்கிழமை படம் போடறாங்க. வேன் அனுப்பச் சொல்றேன். நாலாவது ரீல் வரைக்கும் இரு" என்று மட்டும் சொன்னேன். அவள் முகம் மாறுவதை கோ. நேரில் பார்க்க வேண்டும். அதற்காக மூன்று நாள் அவளை அந்தப் புடவையோடு விட்டுவிட்டு வந்தேன். இது சரியில்லை. தெரிந்துதான் செய்தேன்.


ஆடி 17, சனி, மதியம்

எடுத்துக்கொள்ள: கண்ணாடி (ஸ்க்ரூ போட்டாயிற்று). பனங்கற்கண்டு. மாத்திரை. துண்டு.
அவனுக்கு முன்னால் என் குற்றத்தை நானே மைக்கில் சொல்லிவிடப் போகிறேன். அப்புறம் அவன் கையில் என்ன இருக்கும்?
ஷாஹிதா மூன்று தடவை போன். காற்றில் திரை நிற்குமா என்று அவளுக்குக் கவலை.


ஆடி 18, ஞாயிறு, காலை

ஆடிப்பெருக்கு. ஜெயந்தி எலுமிச்சை சாதம் கிளறுகிறாள். தொண்டை கட்டிவிட்டது. எழுதத்தான் முடியும், எல்லாம் எழுதுகிறேன்.

தோட்டத்தில் தென்னைக்கும் தென்னைக்கும் நடுவே வெள்ளைத் துணி. பின்னால் கடல் சத்தம். முன் வரிசையில் கோ., ரோஜா மாலை. நம் ஊர்க்காரர்கள் எட்டுப் பேர். வெள்ளைக்காரர்கள், புதுச்சேரிப் பிள்ளைகள், ஐம்பது அறுபது பேர். அஞ்சலையை ஷாஹிதா எங்கே உட்கார வைத்தாள் என்று நினைக்கிறாய், கோ.வுக்குப் பக்கத்து நாற்காலியில். "நல்லா இருக்கியாம்மா, புடவை அளவா இருக்குதா?" என்கிறான்.

படம் தொடங்கியது. ஐந்து கதவு வரைக்கும் சிரிப்பு. மச்சினிச்சிகளுக்குப் பழைய சிரிப்பே. ஷாஹிதாவின் சிநேகிதி வெள்ளைக்காரர்களுக்கு இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அவர்களும் ஒரு நொடி தாமதமாகச் சிரிக்கிறார்கள்.

ஆறாவது கதவு. "இப்ப உள்ள பாருங்க, ஒரு கொட்டாய். மைக்கு புடிச்சிக்கினு நிக்கறானே ஒரு நாயி, அது நானு. பொகை வருது. உக்காருங்கன்னு சொல்றேன். ஒரு பொண்ணோட கை வேவுது. சொன்னது நானு."

கை தட்டினார்கள்.

ஏழாவது கதவு. பெயரைச் சொன்னேன். முழுப் பெயர். எட்டாவதில் கீற்றையும் பீடியையும் சொன்னேன். பலமாகக் கை தட்டினார்கள். ஒரு வெள்ளைக்காரன் எழுந்து நின்று தட்டினான். முன் வரிசை ஆளையே கதைக்குள் இழுத்துவிட்டாராம் கதைசொல்லி, என்ன கற்பனை. அண்ணே, கோ.வும் தட்டினான். சிரித்துக்கொண்டே, மாலை ஆட, தட்டினான்.

அன்றைக்கு நெருப்பைப் படம் என்று நினைத்தார்கள். இன்றைக்கு நிஜத்தை.

"படத்த நிறுத்தும்மா" என்றேன். ஷாஹிதா நான் நடிக்கிறேன் என்று நினைத்து நின்றாள். "நிறுத்துடி! லைட்டப் போடு!" என்று கத்தினேன். நிறுத்தினாள். துணி வெறும் துணியாக அடித்துக்கொண்டது.

"இது கதை இல்ல. எங்க அண்ணன் ஏகாம்பரம் குடிக்கல. பீடி இந்த ஆளுது. அஞ்சலை, உன் அடுப்பு இல்லம்மா. எங்க அண்ணன் கண்ணால பார்த்துச்சு."

அஞ்சலை முதலில் என்னைத்தான் பார்த்தாள். "புதன்கெழமை வந்தியே, அப்பவே உனக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். "அப்ப ஏன் சொல்லல? என்ன இங்க இட்டாந்து வேடிக்கை காட்டறியா?" அந்தக் கேள்வி என்னோடு சுடுகாடு வரைக்கும் வரும்.

அப்புறம் கோ. பக்கம் திரும்பினாள். மாலையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் அடுப்பு இல்லியா?"

"வுடு புள்ள, பைத்தியக்காரன் பேச்சக் கேட்டுக்கினு."

"என் மூஞ்சப் பார்த்து சொல்லு. என் அடுப்பா?"

பேரன் ஓடி வந்தான். நம் ஊர்க்காரர்களில் இரண்டு பேர் எழுந்து அவனை மறித்தார்கள். அவர்களே அன்றைக்குப் புளிய மரத்தடியில் நின்றவர்கள். அஞ்சலை ஒட்டின விரலை கோ.வின் கண்ணுக்கு முன்னால் பிடித்தாள். நான் மைக்கோடு கிட்டே போனேன்.

"என் அடுப்பான்னு கேக்கறேன்!"

"அடச்சீ! ஆமாண்டி, பீடி என்னுதுதான், இப்ப இன்னா அதுக்கு? நானா கொளுத்தினேன்? ஒருத்தன் மாட்டிக்கினான், வுட்டேன். அம்பது வருசம் கழிச்சிப் பேஜாரு பண்றீங்க!"

அத்தனையும் மைக்கில். தோட்டம் முழுக்க, கடற்கரை வரைக்கும். யாரும் தட்டவில்லை. அஞ்சலை மாலையை விட்டுவிட்டாள். தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோ. மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுச் செருப்பைத் தேடினான். ஒரு கால் கிடைத்தது. மற்றது கிடைக்கவில்லை. ஒற்றைச் செருப்போடு நடந்து போனான். பார்த்தேன், அண்ணே. கண்ணை எடுக்காமல் பார்த்தேன். போதவில்லை.

எட்டுப் பேர் கேட்டார்கள். ஊரில் இரண்டாயிரம் பேர் இருக்கிறார்கள். ஷாஹிதா எல்லாவற்றையும் ரிக்கார்டு பண்ணியிருக்கிறாள். ராத்திரியே கேட்டேன், காலையில் செல்போனுக்கு அனுப்பிவிட்டாள். அஞ்சலையிடமும் போனில் கேட்டேன். உன்னோடு பேச மாட்டேன், ஆனா அத மட்டும் ஊரெல்லாம் போடு, என்று சொல்லி வைத்துவிட்டாள். தேர்தலுக்கு ஸ்பீக்கர் குழாய் கட்டும் ஆட்டோக்காரனுக்குச் சொல்லியாயிற்று. இரண்டு குழாய், முன்னே ஒன்று, பின்னே ஒன்று. ஜெயந்தி காலையிலிருந்து கெஞ்சுகிறாள். "வேணாம்ப்பா, அவங்க ஆளுங்க சும்மா வுட மாட்டாங்க." விடட்டும், விடாமல் போகட்டும்.

வழி: முதலில் பஸ் ஸ்டாப். அப்புறம் பள்ளிக்கூடத் தெரு, டீக்கடை, பெருக்குக்கு ஏரிக்கரையில் எல்லாரும் கூடியிருப்பார்கள், அங்கே அரை மணி. கடைசியாக அவன் மண்டபம். இன்றைக்கு அங்கே ஒரு வளைகாப்பு இருக்கிறதாம், நல்ல கூட்டம். வாசலில் நிறுத்தி அவன் குரலையே திருப்பித் திருப்பி,

"எப்பா, ஆட்டோ வந்துடுச்சி! ஆரன் அடிச்சிக்கினே கீறான் பாரு!"

வர்றேன்டி என்றேன். சத்தத்தை முழுசாக வைக்கச் சொல்லி, மண்டபத்துக்குள் சாப்பிட உட்கார்ந்தவன் காதிலும் விழுகிற மாதிரி, முன் குழாயை நேராகத் திருப்பி வைப்பேன். மீதியை வந்து எழுதுகிறேன், அண்ணே.